டயாப்லோ 2-ஐ நாலு பேராக ஆடும்போது தவிர்க்க வேண்டியவை

2024 மார்ச் கடைசியிலிருந்து தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) பெரும்பாலும் ஓய்ந்துவிட்டதில், எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் இரவானால் டயாப்லோ 2 ரிசரக்டட் என்ற கணினி ஆட்டத்தின் பக்கம் வந்துவிடுகிறார்கள். எல்லோரும் டர்பன் பக்கம்தான்: சாட்ஸ்வொர்த்தில் இரண்டு பேர், ஃபீனிக்ஸில் ஒருவன், வெருலமில் ஒருத்தி. 2000-இல் வந்த ஆட்டத்தை 2021-இல் புதுப்பித்து விட்டார்கள். படம் பளபளவென்று ஆகியிருக்கிறது, விதிகள் அதே பழைய முரட்டு விதிகள். அன்று நாங்கள் விழுந்த குழிகளில் இன்று இவர்கள் வரிசையாக விழுகிறார்கள்.

போஷன் (உயிர் கூட்டும் மருந்து) தீர்ந்த பிறகு சண்டைக்குப் போவது மாதிரியானவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு தடவை செத்தால் அது தானாகவே புரிந்துவிடும்.

பார்ட்டியில் சேர மறப்பது

ஆட்டத்துக்குள் வந்தால் மட்டும் போதாது. பார்ட்டி என்ற கூட்டணிக்கான அழைப்பை ஏற்றால்தான் அனுபவப் புள்ளி பங்காகும்.

செத்ததும் உடலை எடுக்க ஓடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

இந்த ஆட்டத்தில் செத்தால், உடம்பில் மாட்டியிருந்தது எல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். இடுப்பு பெல்ட்டும் போய்விடும். நீங்கள் வெறும் ஆளாக, ஆட்டத்துக்குள் இருக்கும் ஊரில் எழுந்து நிற்பீர்கள். உடனே கை பரபரக்கும், கால் ஓடும்.

இரண்டாம் அங்கத்தின் கடைசியில் டுரியல் என்றொரு புழு இருக்கிறது. அது இருக்கும் அறையில் நாலு பேர் நின்றாலே இடமில்லை; பக்கத்தில் போனால் அதன் குளிரில் நம் அசைவே மந்தமாகிவிடும். என் சித்தி மகனின் மந்திரக்காரி உள்ளே நுழைந்ததும் விழுந்தாள். "தம்பி, ஊரிலேயே இரு. நாங்க முடிச்சிட்டுக் கூப்பிடுறோம்" என்றேன். "வந்துட்டேன் அண்ணா" என்றான். அந்த அறைக்குள்ளேயே யாரோ போர்ட்டல் (ஊரிலிருந்து நேரே வர உதவும் மாய வாசல்) திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியாக வந்தவன் நேரே புழுவின் கொடுக்கு முன்னால் இறங்கினான். போனான்.

சரி, அதோடு நின்றானா? பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த இரண்டாவது நல்ல கவசத்தையும் கேடயத்தையும் மாட்டிக்கொண்டு மறுபடி வந்தான், மறுபடி செத்தான். இப்போது அறையில் அவனுக்கு இரண்டு உடல்கள். கோபத்தில் ஆட்டத்தை மூடிவிட்டான். திரும்ப வந்தபோது ஊரில் ஒரே ஒரு உடல்தான் கிடந்தது. இருப்பதில் மதிப்பு அதிகமானதை மட்டும் ஆட்டம் வைத்துக்கொள்ளும். கவசமும் கேடயமும் போனது போனதுதான்.

செய்ய வேண்டியது சுலபம். ஊரில் நில்லுங்கள், மற்றவர்கள் இடத்தைக் காலி செய்யட்டும். எல்லோரும் விழுந்துவிட்டால், மாற்றுக் கவசம் எதையும் மாட்டாமல் வெளியேறித் திரும்ப வாருங்கள். உடல் ஊரிலேயே காத்திருக்கும். நார்மல் என்ற முதல் கடினக் கட்டத்தில் இதனால் அனுபவப் புள்ளி எதுவும் குறையாது. அடுத்த கட்டமான நைட்மேரில் ஒரு சாவுக்கு 5 சதவீதம், கடைசிக் கட்டமான ஹெல்லில் 10 சதவீதம் போகும். உடலைக் களத்திலேயே எடுத்தால் போனதில் 75 சதவீதம் திரும்பும், வெளியேறினால் திரும்பாது. அனுபவசாலிகள் உடலை நோக்கி ஓடுவது இதற்காகத்தான். நார்மலில் ஆடுகிறவருக்கு அந்த ஓட்டம் எதற்கு?

 

போர்ட்டலை, டுரியலின் அறை இருக்கும் கல்லறைக்குள், அந்த அறைக்கு வெளியே திறந்து வையுங்கள். உள்ளே வேண்டாம்.

ஊரில் சும்மா நிற்பது

"பன்னி சோ வந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு அது) ஒருவர் ஊரிலேயே ஆளை நிறுத்திவிட்டுப் போவார். ஆட்டத்தில் கூடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் அரக்கர்களின் உயிர் அடிப்படை அளவில் பாதி கூடும். நாலு பேர் என்றால் இரண்டரை மடங்கு, எட்டுப் பேர் என்றால் நாலரை மடங்கு. அவர் சண்டைக்கு வந்தாரா, ஊரில் நிற்கிறாரா என்று கணக்குப் பார்ப்பதில்லை. கை தேர்ந்தவர்கள் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு, ஏனென்றால் அனுபவப் புள்ளியும் விழும் பொருளும் சேர்ந்து கூடும். தேய்ந்த வில்லோடு மூன்று புதியவர்கள் நிற்கும்போது அது தண்டனைதான். சாப்பிடப் போகிறவர் வெளியேறிவிட்டுப் போகட்டும்.

வேபாயின்ட்டைத் தொடாமல் தாண்டுவது

நண்பர் திறந்த போர்ட்டலில் ஏறி வந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் வேபாயின்ட்டை (தொட்டு வைத்தால் பிறகு நேரே அங்கே வர உதவும் மேடை) கவனிக்காமல் போகிறார்கள். அதை ஒவ்வொருவரும் தன் கையால் தொட வேண்டும். ஆன்லைனில் புது ஆட்டம் தொடங்கினால் வரைபடம் மாறிவிடும், தொட்ட வேபாயின்ட் மட்டும் நிற்கும். நடுவில் கரண்ட் போனால் இதன் அருமை தெரியும். அப்புறம், ரூட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் ஊர் இருட்டானாலும் ஆடலாம்.

வேறு வேறு மண்டலம்

சர்வர் மண்டலம் கேட்டால் ஐரோப்பா. எல்லோரும்.

ஹார்ட்கோர்

இந்த முறையில் ஆடினால் ஒரு சாவோடு ஆளே போய்விடும். நம் ஊர் இணைப்பை நம்பி வேண்டாம்.

பொருளுக்குப் பாய்வது

தங்கம் பார்ட்டியில் தானாகப் பங்காகும். மற்ற பொருட்கள் முதலில் கிளிக் செய்தவருக்கே. ஃபைபர் வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டே இருப்பார், மொபைல் டேட்டாக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் கூட்டத்தில் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுவோம்: வில் என்றால் அமேசான் என்ற வீராங்கனைக்கு, மந்திரக்கோல் என்றால் மந்திரக்காரிக்கு, மோதிரம் என்றால் முறை வைத்து. வெருலம்காரிக்குத்தான் இன்னும் ஒரு மோதிரம் பாக்கி.