வாட்டர்கலர்ல ஆல்ப்ஸ் மலையும் பனியாறும் வரையுறது எப்படி (19ஆம் நூற்றாண்டு ஸ்டைல்ல)

பனியாறு வரையணும்னா முதல்ல வெள்ளை பெயின்ட்டை தூக்கி ஓரமா வைங்க. 1834ல வின்சர் அண்ட் நியூட்டன்ங்கிற பெயின்ட் கம்பெனி சைனீஸ் ஒயிட்ங்கிற வெள்ளை வாட்டர்கலரை கொண்டு வந்ததுக்கு அப்புறம் நிறைய பேர் அதை தொட்டாங்கதான், ஆனா 1802ல இங்கிலாந்து ஓவியர் டர்னர் ஆல்ப்ஸ் போனப்ப அது கிடையாது, வாட்டர்கலர்ல வெளிச்சம்னா பெரும்பாலும் பேப்பரோட வெள்ளைதான். அதனால எங்கெங்க வெயில் படுதுன்னு பென்சில்ல லேசா கோடு போட்டு, அந்த இடத்தை கடைசி வரை தொடாதீங்க.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் கனம், கொஞ்சம் சொரசொரப்பா இருக்கட்டும். கலரும் நிறைய வேணாம், கோபால்ட் ப்ளூ, லைட் ரெட் (செம்மண் மாதிரி சிவப்பு), எல்லோ ஓக்கர், பர்ன்ட் அம்பர் போதும். கோபால்ட்டும் லைட் ரெட்டும் கலந்தா வர்ற சாம்பல்தான் மொத்த படத்தையும் தாங்கும், நீலம் தூக்கலா இருந்தா தூரத்து மலை, சிவப்பு தூக்கலா இருந்தா பக்கத்து பாறை.

வானத்தை ஈரத்துலயே முடிச்சிருங்க. நல்லா காய்ஞ்சப்புறம் தூரத்து சிகரங்களோட நிழல் பக்கத்தை மட்டும் ஒரே வாஷ்ல (தண்ணியா கலந்த கலரை ஒரே தடவையா பூசுறது) போடுங்க, திரும்பத் திரும்ப தடவினா சேறாயிடும்.

இப்ப பனியாறு, இங்கதான் பொறுமை வேணும். பிரான்ஸ்ல ஷாமொனி பக்கம் இருக்கிற மேர் டி கிளாஸ்ங்கிற பனியாறோட போட்டோவை பாருங்க, மேல வளைவு வளைவா பட்டை பட்டையா தெரியும். பனியாறு நடுவுல வேகமாவும் ஓரத்துல மெதுவாவும் நகருது, அதனால பட்டையெல்லாம் கீழ்ப்பக்கமா வளையுது. நேர்கோடா போட்டீங்கன்னா தார்ரோடு மாதிரி ஆயிடும்! பிளவுகளுக்கு உள்ள சுத்தமான கோபால்ட், ஒரு பக்கம் மட்டும் ஷார்ப்பான விளிம்பு, இன்னொரு பக்கத்தை ஈர பிரஷ்ஷால கரைச்சு விடுங்க, ஆழம் தானா வந்துரும். எல்லா பிளவையும் வரைய வேணாம், பக்கத்துல பெருசா சிலது, தூரம் போகப்போக சும்மா புள்ளிதான். ஓரத்துல கல்லும் மண்ணும் குவிஞ்சிருக்கும்ல, அதுக்கு அம்பரை காய்ஞ்ச பிரஷ்ல இழுத்தா போதும்.

முன்னாடி ரெண்டு மூணு ஃபிர் மரம், இல்லன்னா குட்டியா ஒரு ஆள். அது இல்லாம மலையோட சைஸ் யாருக்கும் புரியாது.

பனி மேல மினுக்கு வேணும்னா எல்லாம் முழுசா காய்ஞ்சப்புறம் பிளேடு முனையால லேசா சுரண்டுங்க, டர்னரும் சுரண்டினவர்தான். பேப்பர்ல கொஞ்சூண்டு ஈரம் இருந்தாலும் கிழிஞ்சுரும், சுரண்டின இடத்துல திரும்ப கலர் வச்சா அசிங்கமா ஊறும், அதனால இதை கடைசியா மட்டும் பண்ணுங்க.