மேல்மலைத் தோட்டத்தில் கொத்தடிமைக் குழந்தையை மீட்பது எப்படி

கொடைக்கானல் மேல்மலையில் மீட்பு கெட்டுப்போவது பெரும்பாலும் பாதையில்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகப் பிரதான சாலை ஒன்றுதான். அரசு ஜீப் தென்பட்டதுமே போன் பறக்கும். பூண்டுக் காட்டில் நின்ற பிள்ளைகள் சோலைக்குள் மறைந்துவிடுவார்கள். ஆகவே விடியுமுன் ஏறி, வேலை தொடங்கியதும் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

தகவல் தெரிந்தவர் நேரே போய்ச் சண்டை போடக் கூடாது. கடனை அடைத்துக் கூட்டிவருவது இன்னும் மோசம். அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வரும். தோட்டத்துக்குப் போகும் வழி, கொட்டகையின் அடையாளம், எத்தனை பிள்ளைகள், கூட்டிவந்த மேஸ்திரி, கொடுத்த முன்பணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கோட்டாட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் குழந்தையின் அடையாளம் வெளிப்படும், அது குற்றம். மேஸ்திரிக்கும் சேதி எட்டிவிடும்.

குழுவில் வருவாய்த்துறை, காவல்துறை, தொழிலாளர் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லோரும் வேண்டும். பெண் காவலரும், பிள்ளைகளின் மொழி தெரிந்தவரும் கட்டாயம். ஸ்வெட்டர், ரொட்டி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் கிடக்கும் துணிமணி, ஆதார் அட்டையை அப்போதே வாங்கிவிடுங்கள், பிறகு கிடைக்காது.

"லீவுக்கு மாமா தோட்டத்துக்கு வந்தோம்" என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். மேஸ்திரியின் கண்ணில் படாத இடத்தில், ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். முன்பணம் யார் வாங்கியது? கூலி யார் கையில்? நினைத்தபோது ஊருக்குப் போக முடியுமா? வேறு இடத்தில் வேலைக்குப் போக விடுவார்களா? இந்தப் பதில்கள்தான் வழக்கின் உயிர். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, கொத்தடிமைக் கடன் என்று குழந்தை சொன்னால், அப்படியில்லை என நிரூபிப்பது கடன் கொடுத்தவரின் பொறுப்பு.

வயதுக்கு முதலில் பள்ளிச் சான்று, அடுத்து பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

இங்கேதான் அவசரத்தில் ஒரு தவறு நடக்கிறது. 'குழந்தைத் தொழிலாளர்' என்று மட்டும் பதிந்து அனுப்பிவிட்டால் கடன் அப்படியே நிற்கும். அடுத்த அறுவடைக்கு அதே மேஸ்திரி வாசலில் நிற்பார். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதையும் கடன் செல்லாது என்பதையும் சொல்லும் விடுதலைச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் கேட்டு வாங்குங்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று ஏற்காதீர்கள். குழந்தை ஒவ்வொன்றின் பெயரிலும் தனித்தனியே வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்கலாம். குழந்தைக்கான மறுவாழ்வு உதவி 2 லட்சம் ரூபாய் தண்டனைத் தீர்ப்புக்குப் பிறகே வரும் என்பதால், வாக்குமூல நகலைப் பத்திரப்படுத்துங்கள்.