மடையானைப் பார்க்காமல் மௌனத்தை எழுதாதீர்கள்

"கண்மாய் நீரின் மௌனத்தில்
கரைகின்றன என் காயங்கள்"

சில வருடங்களுக்கு முன்னால், மதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் உட்கார்ந்து நான் எழுதிய வரிகள். அன்றைக்கு அந்தக் கண்மாயில் மௌனம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எதிர்க்கரையில் ஒருவர் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார், அதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மடைப்பக்கம் இரண்டு பெண்கள் துணி துவைத்தபடி அங்கே இல்லாத மூன்றாவது ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், கோரைப்புல்லுக்குள் ஏதோ ஒரு நீர்க்கோழி விடாமல் கத்தியது. காயமும் கரையவில்லை. ஆபீசில் நடந்த ஒரு சண்டையைத் தூக்கிக்கொண்டு போனேன், அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நடுவில் ஒரு பொய்க் கவிதை எழுதியதுதான் மிச்சம்.

மரம் செடி தண்ணீர் இருக்கும் இடத்தில் போய் நிதானமாக உட்கார்ந்து, கண்ணில் படுவதைக் கவனித்து, அதிலிருந்து நாலு வரி எழுதினால் மனசு லேசாகும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், இப்படிக் கவனிப்பதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயரும் சொல்கிறார்கள். சரியாகச் செய்தால் லேசாகத்தான் ஆகிறது. ஆனால் வழுக்கும் இடங்கள் நிறைய, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் நான் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

முதல் வழுக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மைண்ட்ஃபுல்னெஸ் என்றதும் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மனசைக் காலி பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். மனசு காலியாகாது. காலியாகவில்லையே என்ற கவலைதான் புதிதாக வந்து சேரும். 1979-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாக ஆரம்பித்தபோது கேட்டதும் அதை இல்லை. இப்போது நடப்பதைக் கவனி, நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாதே, நெனப்பு வேறெங்காவது ஓடினால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வா, அவ்வளவுதான். நம் வீடுகளில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சொல் உண்டு, ஆனால் திட்டுவதற்கு மட்டும்தான் பயன்படுத்துவோம்: "பராக்குப் பார்க்காதே." பள்ளிக்கூடம் போகிற வழியில் எறும்புச் சாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்த எறும்பால் எந்த ஆதாயமும் வேண்டாம். அந்தப் பராக்கைத்தான் முப்பது நாற்பது வயதில் திரும்பப் பழக வேண்டியிருக்கிறது.

அடுத்தது, "கவிதை எழுதப் போகிறேன்" என்று கிளம்புவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கிளம்பினால் கண் பார்க்காது, வேட்டையாடும். எது கவிதைக்கு ஆகும், எது ஆகாது என்று தரம் பிரித்துக்கொண்டே போகும். டிராக்டர் ஆகாது, மிதக்கிற பிளாஸ்டிக் கவர் ஆகாது, கடைசியில் நிலாவும் தென்றலும் மௌனமும்தான் ஆகும் என்று முடிவாகிவிடும். அந்த மூன்றையும் எழுத வெளியே போக வேண்டியதே இல்லை, ஃபேன் காற்றில் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதலாம்.

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் இருபது நிமிடம் பேனாவைத் தொடக்கூடாது. நோட்டு பைக்குள்ளேயே கிடக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு கிளை, ஒரு பறவை, தண்ணீரில் ஒரு முழ அகலம். ஐந்து நிமிடத்தில் சலிப்பு வரும். "பார்த்தாச்சு, அப்புறம்?" என்று மனசு கேட்கும். அந்தச் சலிப்பைத் தாண்டி உட்கார்ந்தால்தான் ஏதாவது தெரிய ஆரம்பிக்கிறது.

அப்படித்தான் ஒரு நாள் மடையானைப் பார்த்தேன். மடையான் தெரியும்தானே, குருட்டுக்கொக்கு என்பார்கள், வயல் வரப்பிலும் கண்மாய் ஓரத்திலும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஏதோ கடன் கொடுத்து ஏமாந்தவனைப்போல நிற்கும். மண் நிறம், கழுத்தில் கோடு கோடாக. பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. கால் மணி நேரம் அசையவே இல்லை, நானும் அசையவில்லை. கரையில் யாரோ டிவிஎஸ் எக்ஸெலில் வந்தார்கள், அது எழுந்து பறந்தது. பறந்ததும் பார்த்தால் வெறும் வெள்ளை. இறக்கை, வால் எல்லாம் சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல வெள்ளை. தண்ணீரைத் தாண்டிப்போய் அந்தப்பக்கம் இறங்கி இறக்கையை மடக்கியதும் மறுபடி மண்ணாகிவிட்டது. வீட்டுக்கு வந்து எழுதினேன்:

மண்ணோடு மண்ணாய் நின்ற மடையான்
எழுந்து பறந்தது
அத்தனை வெள்ளையையும்
எங்கே வைத்திருந்தது?

பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரம் ஆபீஸ் சண்டை ஞாபகத்தில் இல்லை, இல்லை என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மேலே இருக்கும் "காயங்கள்" கவிதையையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதில் நான் மட்டும்தான் இருக்கிறேன், கண்மாய் வெறும் திரைச்சீலை.

இதிலிருந்து வருவதுதான் இன்னொரு தவறு, நம் துக்கத்தைத் தூக்கிப் பறவை தலையில் வைப்பது. காகம் எனக்காக அழுதது, மரம் என்னைப்போலவே தனிமையில் வாடியது என்று எழுதுவது. காகத்துக்கு அதன் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. குறுந்தொகையில் 41-ஆம் பாட்டு எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது, அவர் பாட்டில் வரும் ஒரு காட்சியையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்று வைத்துவிட்டார்கள். தலைவன் பக்கத்தில் இருக்கும்போது நான் திருவிழா நடக்கிற ஊர்போல இருப்பேன், அவன் பிரிந்த நாளிலோ, ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடுபோலப் பொலிவிழந்து கிடக்கிறேன் என்கிறாள் தலைவி. அணில் அழவில்லை, கவனியுங்கள். அது பாட்டுக்கு விளையாடுகிறது. ஆள் இருந்தால் அணில் முற்றத்துக்கு இறங்கி இப்படி ஆடாது, அது ஆடுகிறது என்றால் வீட்டில் யாரும் இல்லை. ஒருவர் எங்கேயோ ஒரு பாழ் வீட்டுக்கு முன்னால் நின்று இதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் வராது. செம்புலப் பெயனீரார், குப்பைக்கோழியார், கல்பொரு சிறுநுரையார் என்று இப்படிப் பார்த்த பொருளே பெயராகிப்போனவர்கள் அந்தத் தொகையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

இடம் விஷயத்துக்கு வருவோம். இதற்கென்று கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக வேண்டும் என்று நினைப்பது வீண். வருடத்துக்கு ஒரு முறை போவீர்கள், பார்க்கிங் கிடைக்காமல் ஒரு மணி நேரம் சுற்றுவீர்கள், வியூ பாயிண்டில் கூட்டத்துக்கு நடுவே மைண்ட்ஃபுல்னெஸ் எங்கிருந்து வரும்? தெருமுனை வேப்பமரம் போதும், மொட்டைமாடித் தொட்டிச் செடி போதும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் விஷயம் இருக்கிறது, முந்தின வாரம் இல்லாதது இந்த வாரம் கண்ணில் படும். அழகாக இருக்கும்போது மட்டும் போவதும் இதே வகைத் தவறுதான். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் போகும்போது கரை முழுக்கக் கூட்டம், சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது ஆடுகளும் கிரிக்கெட் ஆடும் பையன்களும் மட்டும். ஆனால் அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைத்திணைப் பாட்டுகள். சரிபாதி வறட்சியும் வெயிலும் பிரிவும். நம் ஆட்கள் காய்ந்த நிலத்தைப் பார்த்து முகம் திருப்பியவர்கள் இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், அப்படிப் போகவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இது கேட்டு எழுதிய கணக்கு. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்னவோ, அதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் 120 நிமிடத்தை மாத்திரைச் சீட்டுபோல எடுத்துக்கொண்டு, ஸ்மார்ட் வாட்சில் டைமர் வைத்து, கூடவே பத்தாயிரம் ஸ்டெப்பையும் முடித்துவிடலாம் என்று வேகநடை போடாதீர்கள். ஜப்பானில் 1982-ல் வனத்துறை 'ஷின்ரின்-யோகு' என்று பெயர் வைத்தார்களே, காட்டில் குளிப்பது என்று அர்த்தம், குளிக்கிறவன் ஓட மாட்டான்.

பெயர் தெரியாமலே எழுதுவது ஒரு பெரிய குறை. "ஏதோ ஒரு பறவை ஏதோ ஒரு மரத்தில்" என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் எதுவும் வராது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை வரிசையாக அடுக்கியிருக்கிறார், நாம் பத்துச் சொல்லவே திணறுவோம். பெயர் தெரிந்தால் பார்வையே மாறுகிறது, கொக்கு என்று பொதுவாக நினைத்துக்கொண்டிருந்த வரை நான் மடையானைப் பார்த்ததே இல்லை. அதற்காக உட்கார்ந்த இடத்திலேயே ஆப்பைத் திறந்து பெயர் தேடாதீர்கள், போன் கைக்கு வந்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும். அடையாளத்தை மனசில் வைத்துக்கொண்டு வீட்டில் தேடுங்கள், இல்லையென்றால் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். ஒரு பெரியவர் எனக்கு ஒரு மணி நேரத்தில் பதினோரு புல்லின் பெயர் சொன்னார், பாதி மறந்துவிட்டது, அது என் தவறு.

ஹைக்கூ பற்றி ஒரு வார்த்தை. 1916-லேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார், நாம் இன்னும் மூன்று வரிக்கும் 5-7-5 என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ஜப்பானிய மொழியின் ஒலிக்கணக்கு, தமிழ் எழுத்துக்கோ அசைக்கோ அப்படியே பொருந்தாது. எண்ணத் தொடங்கிய நிமிடமே கண் பறவையை விட்டு விரலுக்கு வந்துவிடும். கடைசி வரியில் தத்துவம் வைப்பதையும் விட்டுவிடுங்கள், "வாழ்க்கையும் இப்படித்தான்" என்று முடியும் கவிதை ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

எழுதியதை உடனே ஃபேஸ்புக்கில் போடுவது. நானும் செய்தேன். போட்டுவிட்டு அன்று மாலை முழுக்க எத்தனை லைக் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், மடையான் கொடுத்த கால் மணி நேர நிம்மதிக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்டியாகிவிட்டது. அடுத்த முறை கரையில் உட்காரும்போது, எதை எழுதினால் யாருக்குப் பிடிக்கும் என்ற யோசனை முதலிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. குறைந்தது ஒரு மாதம் யாருக்கும் காட்டாதீர்கள். மோசமாக எழுதும் சுதந்திரம் அப்போதுதான் இருக்கும்.

கடைசியாகக் கொஞ்சம் கனமான விஷயம். எழுதியதும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் பதினைந்து நிமிடம், தங்களைப் பாதித்த சம்பவங்களைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதில் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. ஆகவே அழுகை வந்தால் பயிற்சி தோற்றுவிட்டது என்று நோட்டை மூடிவிட வேண்டியதில்லை. அதே சமயம், போகும் ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே துரோகம், அதே வரி என்று செக்குமாடாகச் சுற்றிவந்தால் அது எழுத்தாக இல்லை, புண்ணைக் கிளறுவதாகிவிட்டது. அப்போது எழுத வேண்டாம், வெறும் பராக்கு மட்டும் பாருங்கள், அல்லது துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் கண்மாயும் கவிதையும் போதாது, டாக்டரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416, காசில்லை, தமிழிலும் பேசலாம். மனசுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், "இப்போதுதான் இயற்கை இருக்கிறதே" என்று தாங்களாக மருந்தை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். புதர் ஓரம் உட்காருமுன் குச்சியால் தட்டிப்பாருங்கள், பாம்பு இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு தனியாக உட்கார வேண்டாம், பெண்கள் என்றால் தோழியைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்காரலாம், பேசிக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு. பென்சில் நல்லது, தாள் நனைந்தாலும் எழுத்து கரையாது. விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள், அதில் நல்ல கவிதைதான் எழுத வேண்டும் என்று கை நடுங்கும், பத்து ரூபாய் நோட்டு போதும். அதையும் கீழே வைக்காதீர்கள். போன மாதம் நான் ஒரு மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வெள்ளாடு வந்து என் நோட்டில் இரண்டு தாளை மென்றுவிட்டது. மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, "கணக்கு நோட்டாய்யா?" என்று பதறிப்போய்க் கேட்டார். இல்லைம்மா, சும்மா எழுதினதுதான் என்றேன். "அதானே பாத்தேன்" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.