பிளாங்க் டாக்கின் மேலே ஒரு கறுப்புக் கோடு

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டாப்) பதிப்பு ஓடுகிறது. கீழே இருந்த பேனலை மேலே ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் செயலிகளின் ஐகான்களை வரிசையாகக் காட்டும் பட்டையான பிளாங்க் டாக்கைப் போட்டேன். டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிளாங்க்’ என்று அடித்தால் போதும், இறங்கிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். டாக்குக்குச் சற்று மேலே, திரையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. வெளிர்நிற வால்பேப்பரில் கண்ணை உறுத்தியது. தீம்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், கோடு போகவில்லை. பிளாங்க் மேல் குற்றமே இல்லை. ஜன்னல்களுக்கு நிழல் மாதிரியான அலங்காரங்களைச் சேர்க்கும் கம்பாசிட்டர் என்கிற பகுதி, டாக்கையும் ஒரு ஜன்னலாக எண்ணி நிழல் போடுகிற வேலை அது. செட்டிங்ஸில் ‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ திறந்து, ‘கம்பாசிட்டர்’ பக்கத்தில் ‘ஷோ ஷேடோஸ் அண்டர் டாக் விண்டோஸ்’ என்பதன் டிக்கை எடுத்தேன். அந்த நொடியே கோடு காணாமல் போனது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு டாக்கில் ரைட் கிளிக் செய்தால் பிரெஃபரன்சஸ் வரும். ஐகான் அளவைக் குறைத்து, ஜூமை அணைத்துவிட்டேன். மவுஸ் பட்டதும் ஊதிப் பெருக்கிற ஐகான் எனக்கு ஆகாது. லாகின் ஆனதும் டாக் தானே வர, ‘செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்’பில் பிளாங்க்கைச் சேர்க்க வேண்டும். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்ட எக்ஸ்11, வேலாண்ட் என இரண்டு முறைகள் உண்டு. வேலாண்டில் இருப்பவர்கள் வேறு டாக் தேடுங்கள், இதற்கு எக்ஸ்11தான் வேண்டும்.