வைரஸ் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஒரு செய்முறை

வைரஸ் பாடம் பெரும்பாலும் நோய்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. சளி, அம்மை, போலியோ, ரேபிஸ் என்று கரும்பலகை நிறைந்துவிடும். முடிவில் "வைரஸ் என்றால் என்ன?" என்று கேட்டால், "ரொம்பச் சின்ன பாக்டீரியா" என்று பதில் வரும். இந்தத் தவறான பதிலுக்கு இடம் வைக்காமல் இருக்க, நோய்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அளவு, அமைப்பு, பெருக்கம், பரவல் என்ற வரிசையில் போகலாம். 45 நிமிட வகுப்புகள் மூன்று இருந்தால் போதும்.

படி 1: தரையில் அளவு வரையுங்கள்

தேவை சாக்பீஸும் அளவுநாடாவும் மட்டுமே. 100 நானோமீட்டரை 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது எல்லாவற்றையும் ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்குகிறோம். உண்மை அளவுகளைப் பலகையில் எழுதிவிட்டு, தரையில் எவ்வளவு வரும் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும்.

போலியோ வைரஸ் (30 நா.மீ.) 3 மி.மீ. புள்ளி. இன்ஃபுளுயன்சா வைரஸ் (சுமார் 100 நா.மீ.) 1 செ.மீ. வட்டம். புகையிலை மொசைக் வைரஸ் 3 செ.மீ. நீளம், 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த அகலம் கொண்ட குச்சி. ஈ.கோலை பாக்டீரியா 20 செ.மீ. நம் இரத்தச் சிவப்பணு 75 செ.மீ. விட்டமுள்ள வட்டம். 80 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தலைமுடியின் அகலம் மட்டும் 8 மீட்டர் வரும். அதற்கு வராண்டாவுக்குத்தான் போக வேண்டும்.

இங்கே தவறு நடப்பது அலகு மாற்றத்தில். 1 மி.மீ. = 1000 மைக்ரோமீட்டர், 1 மைக்ரோமீட்டர் = 1000 நானோமீட்டர். இதைப் பலகையின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் வையுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் சிவப்பணுவை வைரஸைவிடச் சின்னதாக வரைந்துவிடுவார்.

எல்லாம் வரைந்தபின் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லை ஏறக்குறைய 200 நா.மீ. என்பதற்கான குறி அது. உடனே ஒரு கேள்வி வரும்: "புகையிலை வைரஸ் 3 செ.மீ. இருக்கிறதே, அது ஏன் தெரியாது?" நீளம் இருந்தும் அகலம் 18 நா.மீ.தான் என்பதே விடை. விதிவிலக்கும் உண்டு. மிமிவைரஸின் புரத உறை சுமார் 500 நா.மீ.; ஒளி நுண்ணோக்கியிலேயே தென்பட்டதால் முதலில் அதை பாக்டீரியா என்றே நினைத்தார்கள். அது வைரஸ் என்பது 2003இல்தான் வெளியானது.

வரலாற்றை இந்த இடத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 1892இல் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி நோயுற்ற புகையிலைச் சாற்றை, பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் டச்சு விஞ்ஞானி பெய்ஜரிங்க் இது பாக்டீரியா அல்ல, வேறு வகைத் தொற்றுப்பொருள் என்றார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸின் படம் கிடைத்தது 1939இல். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவே வரும். புத்தகத்தில் இருக்கும் வண்ணங்கள் பிறகு சேர்க்கப்பட்டவை என்பதையும் சொல்லிவையுங்கள்.

படி 2: டி4 ஃபேஜ் மாதிரி

ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். ஈ.கோலையைத் தாக்கும் இந்த வைரஸை 1 நா.மீ. = 1 மி.மீ. என்ற அளவில் செய்வோம். 160 முதல் 200 ஜி.எஸ்.எம். வரையுள்ள ஏ4 அட்டை எடுங்கள். மெல்லிய தாளில் செய்தால் தலை நசுங்கும்.

அட்டையின் நீளவாக்கில் 5 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்கள் பத்தை, ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் ஒட்டியபடி ஒரே பட்டையாக வரையுங்கள். பட்டைக்கு மேலே 5, கீழே 5 முக்கோணங்கள் சேர்த்தால் மொத்தம் 20. ஒட்டும் விளிம்புகளுக்கு 7 மி.மீ. மடிப்பு விடுங்கள். மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிக்கொண்டால் முனைகள் கூர்மையாக வரும். மேல்வரிசை ஐந்து முக்கோணங்களின் நுனியையும், ஓரத்தில் 1.2 செ.மீ. அளந்து வெட்டிவிடுங்கள். ஒட்டியபின் அங்கே 2 செ.மீ. துளை கிடைக்கும், வால் பொருந்துவது அங்கேதான். உண்மையான தலை இதைவிடக் கொஞ்சம் நீண்டது, வகுப்புக்கு இது போதும்.

வாலுக்கு 10 × 7 செ.மீ. தாளைச் சுருட்டி 10 செ.மீ. நீளக் குழாய் செய்யுங்கள். அடியில் 2.5 செ.மீ. பக்கமுள்ள அறுகோண அட்டை, நடுவில் ஓட்டை. அதன் ஆறு மூலைகளில் 14.5 செ.மீ. கம்பி ஆறு, நடுவில் மடக்கி. கம்பி 1 மி.மீ.க்கும் மெலிதாக இருந்தால் தலைப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

இனி மரபுப்பொருள். டி4இன் டி.என்.ஏ. சுமார் 57,000 நா.மீ. நீளம், 2 நா.மீ. தடிமன். நம் அளவில் 2 மி.மீ. தடிமனுள்ள 57 மீட்டர் கம்பளி நூல்! வாலை ஒட்டுவதற்கு முன், அதைத் துளை வழியாக ஒரு முனையிலிருந்து திணிக்கச் சொல்லுங்கள். உருண்டையாகச் சுற்றித் திணித்தால் வெளியே இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும். கையால் முழுவதும் போகாது. எத்தனை மீட்டர் போனது என்று ஒவ்வொரு குழுவும் குறிக்கட்டும். வைரஸ் இதை ஆற்றல் செலவழித்து, ஒரு மூலக்கூறு மோட்டாரைக் கொண்டு திணிக்கிறது.

கடைசி முனையை வால் வழியாக வெளியே எடுத்து, குழாயைத் துளையில் ஒட்டுங்கள். பிறகு, தரையில் வரைந்த 'பாக்டீரியா'வின் மேல் மாதிரியை நிறுத்தி நூலை இழுத்து உள்ளே விடுங்கள். தலை வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே போவது டி.என்.ஏ.வில் உள்ள மரபுக் குறிப்புகள் மட்டும். இன்ஃபுளுயன்சா போன்றவை முழுதாகவே செல்லுக்குள் நுழைகின்றன, ஆகவே எல்லா வைரஸும் ஊசி போடும் என்று எழுதிக்கொள்ள விடாதீர்கள்.

படி 3: பெருக்கத்தை வரைபடமாக்குங்கள்

பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும்: 1, 2, 4, 8. ஒரு மணி நேரத்தில் 8. ஃபேஜ் பிளப்பதே இல்லை. செல்லைக்கொண்டு பாகங்களைச் செய்வித்து, அவற்றைக் கோத்து, செல் வெடிக்கும்போது மொத்தமாக வெளிவருகிறது. சுற்றுக்கு 30 நிமிடம், செல்லுக்கு 100 புதிய ஃபேஜ் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 10,000. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஃபேஜ் கோடு படிக்கட்டாக வர வேண்டும். சாய்கோடாக வரைந்திருந்தால் பெருக்கும் முறை புரியவில்லை என்று அர்த்தம்.

படி 4: பரவல் விளையாட்டு

24 பேருக்கு 24 கப். 23இல் 20 மி.லி. காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் 100 மி.லி.க்கு 1 கிராம் சலவை சோடா கலந்த நீர் 20 மி.லி. சோடா உள்ள கப்தான் தொற்றிய ஆள். யாரிடம் எது என்று சொல்லாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும், யாரும் வாயில் வைக்கக் கூடாது. இருவர் சேர்ந்து ஒரு கப்பை மற்றதில் முழுவதும் ஊற்றிக் கலக்கி, பாதியைத் திரும்ப ஊற்ற வேண்டும். மூன்று சுற்று, ஒவ்வொன்றிலும் புதிய ஆள். கூட்டாளியின் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒவ்வொரு கப்பிலும் நீங்களே இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விடுங்கள். இளஞ்சிவப்பானவை அதிகபட்சம் 8. தொற்றிய இருவர் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் குறையும்.

சமையல் சோடா இதற்கு உதவாது. அதன் காரத்தன்மை குறைவு, நிறம் சரியாக ஏறாது. குழாய்த் தண்ணீரும் சில இடங்களில் தானே சிவக்கும், முன்னாடியே ஒரு கப்பில் சோதித்துவிடுங்கள்.

பெயர்க் குறிப்புகளை வைத்து முதல் ஆளைத் தேடச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றாலும் இருவரில்தான் போய் நிற்கும். முதல் சுற்றில் மாற்றிக்கொண்ட இருவருடைய கப்பும் அதன்பின் ஒன்றுபோலவே இருக்கும், பிரிக்க வழியில்லை.

படி 5: இனி நோய்கள்

இப்போது இரண்டு கேள்விகள் போதும். ஆன்டிபயாடிக் ஏன் சளிக்கு வேலை செய்வதில்லை? அது தாக்கும் செல்சுவரும், புரதம் செய்யும் ரைபோசோமும் வைரஸிடம் இல்லை. சோப்பு ஏன் உதவுகிறது? இன்ஃபுளுயன்சா, கொரோனா போன்றவற்றின் வெளியே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் குலைக்கும். நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. அங்கே சோப்பு நீர் அதைத் தோலிலிருந்து பெயர்த்து அடித்துச் செல்கிறது. அதனால்தான் நோரோவைரஸ் பரவும்போது சானிடைசரை நம்பாமல் கையைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.