பேஸ் கிட்டார் சத்தம் கொழகொழன்னு இருந்துச்சு, இப்படித்தான் சரியாச்சு

ரூம்ல தனியா வாசிச்சா நல்லா இருக்கும், டிரம்ஸோட சேர்ந்தா எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். ஆம்ப்ளிஃபையர்ல குமிழத் திருகித் திருகிப் பார்த்தேன், வேஸ்ட். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டப்பதான் புரிஞ்சுது, நோட்டை ஆரம்பிக்கிறது டைமிங்ல இருக்கு, நிறுத்துறதுதான் இல்ல, ஏ (A) கம்பி வாசிக்கும்போது மேல இருக்கிற ஈ (E) கம்பி அதுபாட்டுக்கு அதிர்ந்துட்டே இருக்கு. கட்டைவிரல ஈ மேலயே சாத்தி வச்சேன், இடது கை விரல லேசா தூக்கி நோட்ட வெட்டப் பழகுனேன். டிக் டிக்னு தாளம் தட்டுற மெட்ரோனோம நிமிஷத்துக்கு 60ல வச்சு, அந்த டிக்க நாலு தட்டுல 2, 4ஆவது தட்டா எண்ணி தினம் 20 நிமிஷம், முதல் வாரம் செம கடுப்பு. அப்புறம் கிட்டார் உடம்புல கம்பியத் தாங்குற பிரிட்ஜ்கிட்ட, கம்பிக்கு அடியில ஸ்பாஞ்சு ஒரு துண்டு சொருகுனேன், அமெரிக்காவோட மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனி பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனே ஃபோம் வச்சு வாசிச்சவர்தான். இப்ப காலால மிதிச்சு அடிக்கிற கிக் டிரம்மும் நானும் ஒரே "தும்".