சி7 கார்வெட்: எந்த ட்ரிம்முக்கு நொடிக்கு எத்தனை டாலர்?

2014 முதல் 2019 வரை விற்ற சி7 கார்வெட் ஷெவர்லேயின் ஏழாம் தலைமுறை ஸ்போர்ட்ஸ் கார்; ஸ்டிங்ரே, கிராண்ட் ஸ்போர்ட், இசட்06 அதன் ட்ரிம்கள், அதாவது ரகங்கள். அதை ட்ராக்குக்காக யூஸ்டு மார்க்கெட்டில் தேடுபவர் ஹெச்பியை (குதிரைத்திறனை) முதலில் பார்க்க வேண்டாம். லேப் டைமையும் விலையையும் ஒரே தாளில் எழுதி வகுத்துப் பாருங்கள்.

லேப் டைமுக்கு, கார் அண்ட் டிரைவர் இதழ் வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வேயில் நடத்தும் சோதனை கைகொடுக்கும். சுற்று சுமார் 6.6 கிலோமீட்டர். இசட்51 பேக்கேஜ் போட்ட ஸ்டிங்ரே 2:53.8, இசட்07 பேக்கேஜ் போட்ட கிராண்ட் ஸ்போர்ட் 2:47.1, அதே பேக்கேஜுடன் இசட்06 2:44.6. இவற்றின் 2017 புது விலை முறையே சுமார் 61,000, 74,000, 88,000 டாலர். ஸ்டிங்ரேயிலிருந்து கிராண்ட் ஸ்போர்ட்டுக்கு ஏறும் முதல் படியில், குறையும் ஒவ்வொரு நொடிக்கும் 1,900 டாலர் சொச்சம். அடுத்த படியில் 5,600. இன்றைய யூஸ்டு விலையை வைத்து இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கணக்கில் ஓர் ஓட்டை உண்டு: டயர். ஸ்டிங்ரே ஓடியது மிஷலின் பைலட் சூப்பர் ஸ்போர்ட்டில்; மற்ற இரண்டும் ஒட்டிப் பிடிக்கும் கப் 2 டயரில். முதல் இரண்டு கார்களிலும் இருப்பது ஒரே எல்டி1 இன்ஜின், 460 ஹெச்பி. அப்படியானால் அந்த 6.7 நொடி இன்ஜினிலிருந்து வரவில்லை; டயர், பிரேக், அகலம் போன்றவற்றிலிருந்துதான் வந்தது. டயர் அகலம் இசட்51-ல் முன்னால் 245 மி.மீ., பின்னால் 285. கிராண்ட் ஸ்போர்ட்டில் 285, 335. ஸ்டிங்ரேயின் ஃபெண்டருக்குள் 335 அடங்காது. ஆனால் அதன் சொந்த அளவிலேயே கப் 2 ரகத்தைப் போட்டால் இடைவெளியில் ஒரு பங்கு ஒரு செட் டயர் விலையிலேயே அடைபடும்.

இசட்51 இல்லாத ஸ்டிங்ரே மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். டிரை சம்ப் (இன்ஜின் ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு), எலெக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குப் போகும் விசையைக் கணினி பங்கிடும் அமைப்பு), பெரிய பிரேக், கியர்பாக்ஸ் கூலிங் எல்லாம் அந்தப் பேக்கேஜில்தான் வருகின்றன. பிறகு தனித்தனியாக வாங்கிப் பொருத்தினால் மிச்சம் பிடித்த பணம் போதாது.

650 ஹெச்பி இசட்06-ல் தொல்லை சூடு. சூப்பர்சார்ஜர் காற்றைச் சூடாக்க, வெயிலில் தொடர்ந்து சில சுற்று ஓடியதும் கணினி பவரைக் குறைத்துவிடும். 2015, 2016 கார்களில் இந்தப் புகார் அதிகம். 2017-ல் பானட் காற்றுத் துளைகளைப் பெரிதாக்கினார்கள். ஒரே ஒரு வேகச் சுற்றின் நேரத்தில் இதெல்லாம் தெரியாது. அடிக்கடி ட்ராக்குக்குப் போகிறவருக்கு எங்கள் தேர்வு ஸ்டீல் டிஸ்க் கிராண்ட் ஸ்போர்ட், கப் 2 டயருடன். இசட்07-இன் கார்பன் செராமிக் டிஸ்க் தேய்ந்தால் மாற்றும் செலவு ஆயிரக்கணக்கான டாலர்.

பார்க்கப் போகும்போது டார்ச் கொண்டுபோய் சக்கர ரிம்மின் உள்பக்க விளிம்பை முழுச் சுற்றும் பாருங்கள், விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிரை சம்ப் ஆயிலை இன்ஜின் நன்றாகச் சூடேறி, அணைத்து, சில நிமிடம் கழித்தே அளக்க வேண்டும். குளிரில் அளந்தால் குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் கூடிப்போகும். ஆரம்ப ஆண்டு கார்களுக்கு ட்ராக்கில் 15டபிள்யூ-50 ரக ஆயில், சாலைக்குத் திரும்பியதும் 5டபிள்யூ-30.